மூன்று விரல்

அக்கா மூன்று விரலைக் காட்டினாள். மெதுவான பந்து.

சின்னவள் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, கையுறைக்குள் பந்தை வேகப்பந்துக்குப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு வருடமாக பந்து வீசும் பிட்சர் இவள், மட்டைக்காரியின் பின்னால் குத்துக்காலிட்டு அதைப் பிடிக்கும் கேட்சர் அக்கா. அக்காவின் விரலை அவள் ஒரு நாளும் மீறியதில்லை. சாஃப்ட்பாலில் கேட்சர் கேட்டது ஒன்று, வருவது ஒன்று என்றால் பந்து கேட்சரின் முகத்தைப் பேர்த்துவிடும். மனசுக்குள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

வேறு வழி இல்லை. எதிரே மட்டையோடு நிற்பவள் ஒட்டடைக்குச்சி. ஆள்தான் அப்படி, அடி இடி மாதிரி விழும். இன்றைக்கு இரண்டு தடவை பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டாள். வேகமாகப் போட்டாலும் அடி, மெதுவாகப் போட்டாலும் அடி. சொல்லிவைத்த மாதிரி.

உன் கைதான் காட்டிக்கொடுக்கிறது, பந்தை நன்றாக மறை என்று அக்கா இடைவேளையில் சொன்னாள். கடைசி நொடி வரை மறைத்துப் பார்த்தாள். அப்படியும் இப்போது போட்ட இரண்டு பந்தும் பறந்தன. கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்ததால் இவள் பிழைத்தாள், அவை இரண்டு ஸ்ட்ரைக் என்று கணக்கானது.

அப்படியென்றால் கை இல்லை. இந்தக் கள்ளி அக்காவின் விரலைக் கடைக்கண்ணால் பார்க்கிறாள். பாவம், அக்காவுக்கே அது தெரியவில்லை.

இவளை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்தது, ஒரு ரன்னில் வெற்றி. கேலரியில் இருக்கும் தேர்வாளர் போன மாதமே சொல்லிவிட்டார். ஒட்டடைக்குச்சியை ஒரு தடவை வீழ்த்திக் காட்டு, தலைநகர் முகாமில் உனக்கு இடம். இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் பயிற்சி. சின்னவள் ஆசைப்படக்கூட பயந்த இடம் அது. போடி போடி என்று முதலில் குதித்தது அக்காதான். பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

கையைச் சுழற்றி, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி வீசினாள்.

ஒட்டடைக்குச்சி மெதுவான பந்துக்காகக் காத்திருந்தாள். அவள் மட்டை அசைவதற்குள் பந்து தாண்டிவிட்டது. மூன்றாவது ஸ்ட்ரைக், பேட்டர் அவுட் ஆகவேண்டியது.

பந்து அக்காவின் கையுறை நுனியில் பட்டுத் தெறித்து, பின்னால் புல்லில் உருண்டது. மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் பிடிக்காமல் விட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். ஓடு ஓடு என்று அவர்கள் பக்கம் முழுவதும் கத்தியது.

ஒட்டடைக்குச்சி ஓடவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

“என்னக்கா, மெதுவா வரும்னுதானே சொன்னீங்க!”

பந்தை எடுக்க ஓடிவந்த சின்னவளின் காதில் அது தெளிவாக விழுந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அக்கா குத்துக்காலிட்டபடியே இருந்தாள். பந்து போன பக்கம் திரும்பவே இல்லை. சின்னவளின் கால்கள்தான் பழக்கத்தில் ஓடின. பந்தைப் பொறுக்கிவந்து, மலைத்து நின்றவளின் தோளில் தொட்டாள். அவுட் என்று அம்பயர் கையை உயர்த்தினார்.

தோழிகள் கூச்சலோடு ஓடிவருவது கேட்டது. உலகத்தில் யாரை வேண்டுமானாலும் சின்னவள் சந்தேகப்பட்டிருப்பாள், அக்காவை மாட்டாள்.

அக்கா முகக்கவசத்தைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் வீட்டில் பேசுகிற மாதிரி சாதாரணமாக இருந்தது.

“காலையில அம்மாவைத் தூக்கி உக்கார வைக்க ரெண்டு பேர் வேணுமேடி.”

அதற்குள் தோழிகள் வந்து சின்னவளைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். தேர்வாளர் எழுந்து நின்று கைதட்டினார். அவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலையும் அக்கா தோளைப் பிடிக்க, இவள் காலைப் பிடித்துத்தான் அம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கினார்கள். இந்த ஒரு மாதத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு அது தோன்றவே இல்லை.