கல் மட்டும்

பூங்கோதையின் தலைக்குள், கண்ணுக்கும் பெருமூளைக்கும் நடுவில், தலாமஸ் என்று ஒருத்தி இருந்தாள். கண் பார்த்ததை எல்லாம் அவளிடம்தான் கொடுக்க வேண்டும். அதில் எதைப் பெருமூளைக்கு அனுப்புவது, எதைத் தள்ளுவது என்று அவள்தான் பிரிப்பாள்.

ஒருநாள் பூங்கோதை முறத்தில் ரேஷன் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டு இருந்தாள். "கல்லை மட்டும் அனுப்பு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று பெருமூளை சொல்லிவிட்டாள்.

"அக்கா, ஓரத்துல குழந்தை தவழ்ந்து வருதுக்கா" என்றாள் கண்.

"குழந்தையை யாரு கேட்டா? கல் இருந்தா கொடு" என்றாள் தலாமஸ்.

"கீழ கையை விட்டுத் துழாவுதுக்கா!"

"உனக்கு எப்பவும் வேடிக்கைதான்டி. முறத்தைப் பாரு."

"ஐயோ, பொறுக்கிப் போட்ட கல்லை எடுத்து வாயில வச்சிடுச்சுக்கா!"

"கல்லா? அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று தலாமஸ் சட்டென்று அனுப்பிவிட்டாள்.

பூங்கோதை முறத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுக் கல்லைத் தோண்டி எடுத்தாள். குழந்தை வீலென்று அழுதது.

"நல்லவேளை, நான் பார்த்தேன்" என்றாள் பெருமூளை.

"நான் உடனே அனுப்பினேனே" என்றாள் தலாமஸ். பிறகு கண் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, இப்ப நீ கொடுக்கிறதெல்லாம் ஒரே மங்கலா இருக்கு? ஒழுங்கா வேலையைப் பாரு."

கண்ணுக்குத் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.