பின் சீட்

வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் எஃப்.சி. மைதானத்தில் ஓட்டுகிறவரைக் கேட்பதில்லை, காரைத்தான் கேட்பார்கள். அங்கே மட்டும் எந்தக் காராலும் எதையும் மறைக்க முடியாது.

சங்கரேஸ்வரிக்குப் பயமில்லை. பழைய கார்தான் என்றாலும் கூடப்பிறந்த அண்ணன் வேலாயுதம் ஓட்டி, அவளுக்கு விற்றது. போன பொங்கலுக்குக் கோவில்பட்டியில் அவனே சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "பிள்ளையோட சந்தோசமாப் போயிட்டு வா தாயி" என்று சாவியைக் கொடுத்தான்.

ஆய்வாளர் பானட்டைத் தட்டினார். "பிரேக் எப்படி இருக்கு?"

"எப்ப வேணாலும் விட்டுரும்," என்றது கார். "தீபாவளிக்கு முன்னாடியே பழைய ஓனர்கிட்ட சொல்லிட்டேன். வாங்க வர்றவங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டார்."

ஆய்வாளர் அவளைப் பாவமாகப் பார்த்தார். "முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட வாங்கினீங்களாம்மா?"

சங்கரேஸ்வரி காரைத் திரும்பிப் பார்த்தாள். சாவி வாங்கிக்கொண்டு அவள் தன் வீட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கு அண்ணன் மகள் யாழினி, "நானும் அத்தை கூட கார்லதான் வருவேன்" என்று ஓடிவந்து ஏறிக்கொண்டாள். அவன் பதறிப்போய், அழ அழ அவளைக் கீழே இறக்கினான்.

"கார்ல இடம் பத்தாது. நானும் இவளும் பஸ்ஸுல பின்னாலேயே வாரோம்."

முன் சீட்டில் சங்கரேஸ்வரியும் அவள் மகனும் மட்டும்தான் இருந்தார்கள். பின் சீட் முழுக்கக் காலியாகக் கிடந்தது.