நண்டு போட்ட கலங்கல் கணக்கு

குளம் மூன்று நாளாகக் கலங்கிக் கிடந்தது. தன் குஞ்சுகளுக்கு மூச்சுத் திணறியதும் கெண்டை மீன் பதறிப்போய், கணக்கில் பேர்போன நண்டைத் தேடி வந்தது.

"அண்ணே, இந்தச் சேறு எங்கிருந்து கிளம்புதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

வளையைத் தோண்டிப் பெரிதாக்கிக்கொண்டிருந்த நண்டு, வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தது. தரையில் கட்டங்கள் கீறி, குளத்தைப் போலவே ஒரு சின்னக் குளம் வரைந்தது. சேறு பரவியிருந்த இடங்களிலெல்லாம் பொடிக்கற்களை வைத்தது.

"சேறு வந்த வழியிலேயே இதுகளைக் கட்டம் கட்டமாப் பின்னாடி நகர்த்தினா, கிளம்பின இடம் தெரிஞ்சுடும்."

நாள் முழுக்க நகர்த்தியது. கடைசியில் எல்லாக் கற்களும் ஒரே கட்டத்தில் வந்து குவிந்தன.

"இது உங்க வளை வாசலாச்சே அண்ணே?" என்றது கெண்டை.

நண்டு குவியலைக் காலால் கலைத்துவிட்டது.

"கட்டம் பத்தலை தங்கச்சி. கணக்கை இன்னும் பெரிசாப் போடணும். அதுக்கு உள்ளே இடம் வேணும்" என்று வளைக்குள் போய் மறுபடியும் தோண்ட ஆரம்பித்தது.

வாசலிலிருந்து குபுகுபுவென்று வந்த சேற்றில் இருமிக்கொண்டே கெண்டை சொன்னது:

"நல்லாப் பெரிசாவே தோண்டுங்க அண்ணே. குஞ்சுங்க உசுரு உங்க கையிலதான் இருக்கு."