ஓரத்து நாற்காலி

"என்னங்க, அந்த ஆள் மறுபடியும் நம்ம பக்கமே பார்க்கிறான்."

வக்கீல் திரும்பினார். பக்கவாசலில் ஒருவன் நின்றிருந்தான். ஒட்டிய கன்னம். அளவில்லாத சட்டை, யாரோ கொடுத்த மாதிரி. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

"பார்த்தா பார்த்துட்டுப் போறான். நீ பையை மடியில வச்சுக்கோ."

நாடகத்தில் இடைவேளை. பாதிப் பேர் காபிக்குப் போயிருந்தார்கள். வக்கீலம்மா நகரவில்லை. கைப்பையில் மகளின் வளையல்கள். பாலிஷ் போடக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருந்தார்கள். வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்றதற்கு, முதல் காட்சி போய்விடும் என்று வக்கீல் இழுத்து வந்துவிட்டார்.

"கண்ணை எடுக்க மாட்டேங்கிறான். பக்கத்துச் சீட்டு வேற காலியா இருக்கு. விளக்கணைஞ்சதும் வந்து உட்கார்ந்துட்டான்னா?"

நடைபாதையை ஒட்டிய ஓரத்து நாற்காலி. முதுகில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'விருந்தினருக்கு'.

"இனிமே எந்த விருந்தாளி வரப்போறான்? உங்க கோட்டைக் கழற்றி அதுமேல போடுங்க. ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும்."

வக்கீல் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டார். காகிதம் மறைந்தது.

மணி அடித்தது. விளக்கு அணைந்தது.

மேடையில், சிறையிலிருந்து வந்தவன் பழைய ஊரில் வீடு வீடாகக் கதவைத் தட்டினான். "ஒரு ராத்திரி படுக்க இடம் கொடுங்க. தின்ன எதுவும் வேண்டாம், தூங்கினா போதும்." எந்தக் கதவும் திறக்கவில்லை. அரங்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவி ஜனங்க. ஒருத்தனுக்காவது மனசு இரங்குதா பாரு!"

வக்கீலம்மாவின் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பினாள். அந்தத் தழும்பு. ஒரு முழத் தூரத்தில்.

"அம்மா..." என்றான். கை கோட்டை நோக்கி நீண்டது.

அவளுக்குக் கத்த வரவில்லை. பையை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு கணவன் தோளைக் கிள்ளினாள்.

"டேய்! கோட்டுல எதுக்குடா கை வைக்கிறே?"

"இல்லீங்க... இந்தச் சீட்டு..."

"ஆள் இருக்கு! போ!"

பின்வரிசையில் ஒருவர் எரிந்து விழுந்தார். "அழுகிற கட்டத்துல என்னய்யா ரகளை? யாருப்பா அது, வெளியே தள்ளுங்க!"

அரங்கத்துக் காவலாளி டார்ச்சோடு ஓடி வந்தான். இளவயசு. வெளிச்சத்தைத் தழும்பில் அடித்தான். அடித்ததும் அவனுக்கே குரல் இறங்கிவிட்டது.

"டி... டிக்கெட் எங்கே?"

"டைரக்டர் ஐயாதான் வரச் சொன்னாரு."

"ஆமா, உன்னைத் தாம்பூலம் வச்சு அழைச்சாரு. நட!"

"விட்டுடாதே" என்றார் வக்கீல். "பின்னாடி சுவரோரமா பிடிச்சு நிறுத்து. நாடகம் முடியட்டும், போலீசைக் கூப்பிடலாம். கடைசிக் காட்சி போயிடப் போகுது."

காவலாளி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவன் திமிறவில்லை. பழகின ஆள் மாதிரி நடந்தான்.

வக்கீலம்மா பையை இன்னும் இறுக்கினாள். பைக்குள் வளையல்கள் சின்னதாகச் சத்தம் போட்டன.

மேடையில் கடைசிக் கதவு திறந்தது. உள்ளிருந்து ஒரு பெண் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "உள்ளே வாப்பா" என்றாள். அவ்வளவுதான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வக்கீலம்மாவும் தட்டினாள், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

டைரக்டர் மேடைக்கு வந்தார்.

"இது கற்பனை இல்லை. ஒரு மனுஷர் எங்கிட்டச் சொன்ன அவரோட கதை. பதினாலு வருஷம் உள்ளே இருந்து வந்தவர். சனங்க முன்னாடி வரப் பயமா இருக்குன்னார். 'எங்க சனங்க நல்லவங்கண்ணே, தைரியமா வாங்க'ன்னு நான்தான் வற்புறுத்திக் கூப்பிட்டேன். மூணாவது வரிசை, ஓரத்து நாற்காலி. விளக்கைப் போடுங்க!"

விளக்கு எரிவதற்குள் வக்கீலம்மா கோட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

காலி நாற்காலி. முதுகில் காகிதம்.

டைரக்டர் திகைத்துப்போய்க் கண்ணால் தேடினார். பின்சுவரில் போய் நின்றது பார்வை. காவலாளியின் கை அப்போதுதான் காலரை விட்டுக் கீழே இறங்கியது.

"என்னண்ணே, அங்கே போய் நிக்கிறீங்க? சீட்டு போட்டு வச்சிருந்தோமே!"

தழும்புக்காரர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

வக்கீலம்மா மடியிலிருந்த கோட்டைச் சுருட்டினாள். இதோ கையை நீட்டப் போகிறார். இத்தனை தலையும் திரும்பப் போகிறது. வக்கீல் குனிந்து இல்லாத செருப்பு வாரைச் சரிசெய்தார். பின்வரிசைக்காரர் கூரையைப் பார்த்தார். காவலாளிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. வேலை போனது என்று முடிவு கட்டிவிட்டான்.

"நான்தான் லேட்டுங்க" என்றார் அவர். "இருட்டுல சீட்டு தெரியலை. தடுமாறிட்டேன். இந்தத் தம்பிதான் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, நிக்க ஒரு இடம் கொடுத்துச்சு."

அரங்கம் அந்தக் காவலாளிக்குக் கைதட்டியது.

முதலில் தட்டியவர் வக்கீல்.