ஐந்தாவது டீ

வக்கீல் எழுதிய உயில் எதையும் இதுவரை எந்தக் கோர்ட்டும் உடைத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரிடம் கையெழுத்து வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் பிசகினால், யார் காலில் விழுந்தாலும் சரி, பேனாவை மூடிவிடுவார்.

"உங்க கட்டிலைச் சுத்தி எத்தனை பேரும்மா நிக்கிறோம்?"

அம்மாள் கண்ணைச் சுழற்றி, ஜன்னல் பக்கம் வரை நிதானமாக எண்ணினாள். "அஞ்சு பேர்."

வக்கீல், டாக்டர், மகள், சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர். நாலே பேர்தான்.

வக்கீல் பேனாவை மூடினார். "அம்மாவுக்குப் புத்தி தெளிவா இல்லன்னு உங்க அண்ணன் ஒரே போடா போட்டுடுவாரும்மா. இந்த உயில் நிக்காது."

இத்தனை காலம் தாயை ஒண்டியாய்ப் பார்த்துக்கொண்ட மகள், தன் பேருக்கு வரவிருந்த வீடு கைநழுவுவதைப் பார்த்து நின்றாள்.

அப்போது ஆஸ்பத்திரி கேன்டீன்காரம்மா தட்டோடு நுழைந்தாள். ஐந்து டீ.

"அம்மா டீ குடிக்க மாட்டாங்களே?" என்றாள் மகள்.

"அவங்களுக்கு இல்லம்மா. கதவுக் கண்ணாடி வழியா, நிக்கிறவங்களை எண்ணிட்டுத்தான் ஊத்தினேன்."

வக்கீல் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"அப்ப அம்மா கணக்கு சரிதான். புத்தி கண்ணாடி மாதிரி இருக்கு. போடுங்கம்மா கையெழுத்து."

டாக்டரும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். நால்வரும் டீ குடித்தார்கள். ஐந்தாவது டீ ஜன்னல் விளிம்பில் ஆவி பறக்க இருந்தது.

"ஆறிடப் போகுது, எடுத்துக்குங்க," என்றாள் அம்மாள் ஜன்னலைப் பார்த்து.

கேன்டீன்காரம்மா திரும்பி வந்து கப்புகளைப் பொறுக்கினாள். ஐந்தும் காலி.