வாசலில் அகினின் குரல்

இபாடான் நகரத்து மதிய மழை தகரக் கூரையை அறைகிறது. தாழ்ப்பாளில் வைத்த மொரெனிகேயின் கை அப்படியே நிற்கிறது. "மொரெனிகே, கதவத் திற. கோழியாட்டம் நனைஞ்சு நிக்கிறேன்" என்று வெளியே கணவன் அகினின் குரல் சிரிக்கிறது. கரகரப்பும் இடையில் வரும் செருமலும் அவனுடையவைதான். ஆனால் மகன் பிறந்த பிறகு அகின் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. ஊர் வழக்கப்படி பிள்ளையின் பெயரோடு 'அம்மா' என்று சேர்த்துத்தான் கூப்பிடுவான். குரல்களை நகலெடுத்து, கேட்பதையெல்லாம் கற்றுக்கொள்ளும் இயந்திரத்தை உருவாக்கியவள் அவள்தான். கல்யாணமான புதிதில் அதற்கு அகினின் குரலைப் பழக்கியதும் அவள்தான். அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தார் அதை வைத்து ஆட்களை வெளியே வரவழைத்துக் கொல்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆதாரத்தோடு அங்கிருந்து ஓடிவந்திருக்கிறாள். அடுப்பில் வள்ளிக்கிழங்கு வேகும் தண்ணீர் பொங்கி வழிகிறது. அப்பாவின் குரல் கேட்ட குழந்தை குதூகலமாகக் கதவை நோக்கித் தத்தித் தத்தி ஓடுகிறது. "கயோடே, போகாதடா!" என்று பதறிக் கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறாள். வெளியே பேச்சு நின்றுபோகிறது. மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு அந்தக் குரல், அகினின் கொஞ்சல் மாறாமல், மெல்லக் கேட்கிறது: "என்ன கயோடே அம்மா, புருஷன மழையிலயே நிக்க வைக்கப் போறியா?"