பேசினுக்குள் ஒரு சிவப்புக் கோடு

“கடலோரமாவே வடக்க போலாம். நீயும் வாயேன், லொரெட்டா.”

“மொதல்ல உன் வண்டி கக்கூஸ்ல ஒரு சாயங்காலமாவது தண்ணி நிக்கட்டும், வெண்டல். அப்புறம் பாக்கலாம்.”

போன நவம்பரில் நடந்த பேச்சு இது. சுற்றி மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தார். அதோடு சரி, மறுபடி அவர் கேட்கவேயில்லை.

அறுபது தாண்டிய ஒருத்தியிடம் ‘நீயும் வாயேன்’ என்று சொல்ல ஆள் கிடைப்பதே அபூர்வம். அதையும் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டோமே என்று குளிர்காலம் முழுக்க லொரெட்டா தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பாலைவன ஊரான யூமாவில் வெயில் ஏறியதும், குளிருக்கு ஒதுங்கி வந்த வீட்டு வண்டிகள் ஒவ்வொன்றாக வடக்கே கிளம்பிவிடும். லொரெட்டாவின் வண்டி மட்டும் கிளம்பாது. புருஷன் செத்துப்போன வருஷமே சக்கரங்களைக் கழற்றி விற்றுவிட்டு, வண்டியைக் கான்கிரீட் கட்டைகள் மேல் உட்கார வைத்துவிட்டாள்.

வெண்டல் நாளைக் காலை கிளம்புகிறார்.

கிளம்புகிற மனுஷன் டயரைப் பார்ப்பார், எண்ணெய் பார்ப்பார். இவரோ முந்தாநாள் தன் வண்டியின் கக்கூஸைப் பெயர்த்தெடுத்து, வாசல் மேஜை மேல் மகாராஜா மாதிரி உட்கார வைத்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் அதற்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்கள்.

லொரெட்டா ஒரு கேன் வினிகரோடு வந்து சேர்ந்தாள். கக்கூஸ் பேசினில் தண்ணீரின் உப்பு, பாறையாக இறுகிப் போயிருந்தது. ஒரு ராத்திரி ஊறவைத்தார்கள். ஒரு பகல் முழுக்கச் சுரண்டினார்கள்.

“பல் தேய்க்கிற பிரஷ்ஷா இது? யாரோடது?” என்றார் வெண்டல்.

“உன்னோடதுதான்.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடியில் திறந்து மூடும் தட்டு. அதைச் சுற்றி ஒரு ரப்பர் வாஷர். சூட்சுமமெல்லாம் அதில்தான். அது இறுகப் பிடித்தால் தண்ணீர் நிற்கும். பிடிக்காவிட்டால் தண்ணீர் இறங்கும், நாற்றம் ஏறும்.

புது வாஷருக்குக் கிரீஸ் தடவி, போல்ட்டுகளை முடுக்கி, கக்கூஸைப் பழைய இடத்தில் வைத்துப் பாதி வரை தண்ணீர் ஊற்றினார்கள். அடையாளம் போட பென்சில் கிடைக்கவில்லை. லொரெட்டா பேசினின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் தன் லிப்ஸ்டிக்கால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள்.

“ராத்திரி சாப்பாடு முடியற வரைக்கும் கோட்டுல நிக்கணும்,” என்றார் வெண்டல், அவளைப் பார்க்காமல்.

நவம்பர் பேச்சை அவர் மறக்கவில்லை! அவளுக்குக் காதுமடல் சுட்டது.

கிளம்புகிறவர்களுக்கான வழியனுப்புச் சாப்பாடு அன்றைக்கு. ஆளுக்கொரு பதார்த்தம். லொரெட்டா கொண்டுவந்த சோள ரொட்டியை அவளாலேயே விழுங்க முடியவில்லை. கரண்டியை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போய், வெண்டலின் வண்டிக்குள் நுழைந்து பேசினை எட்டிப் பார்த்தாள்.

தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

ஒரு விரற்கடைதானே!

அடுத்த நிமிஷம் அவள் கையில் ஒரு கப் இருந்தது, சமையல் குழாய் திறந்திருந்தது. கோட்டைத் தொடும் வரை சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். கப்பைத் துடைத்து ஆணியில் மாட்டினாள். கரண்டி இல்லாமல் திரும்பி வந்தாள். யாரும் கேட்கவில்லை.

வெண்டல் எதிரே உட்கார்ந்து ஐஸ்தண்ணீர்க் கிளாஸைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிகிற நேரத்தில், குளிருகிறது, ஸ்வெட்டர் எடுத்து வருகிறேன் என்று எழுந்தார். யூமாவில், ஏப்ரலில்! ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வந்தார். கையோடு கொண்டுபோன கிளாஸ்தான் காலியாக இருந்தது.

“என்னய்யா, நிக்குதா ஒழுகுதா?” என்று அடுத்த மேஜையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

இரண்டு பேரும் போனார்கள். பின்னாலேயே வந்த கும்பலை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தினார் வெண்டல். இருவர் நிற்கிற இடமில்லை அது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

தண்ணீர் கோட்டுக்குக் கீழே இல்லை. கோட்டிலும் இல்லை. கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறி நின்றது. நடுவில் பாதி கரைந்த ஐஸ்கட்டி ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெண்டல் கூரையைப் பார்த்தார். ஸ்வெட்டருக்குள் வியர்த்துக் கொட்டியது.

“நல்ல வாஷர்,” என்றார்.

லொரெட்டாவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அங்கேயே விழுந்திருப்பாள். பிடித்த கையை விடவில்லை.

“போற வழியில வேற வாஷர் வாங்கிக்கலாம், வெண்டல். என்னையும் கூட்டிட்டுப் போ.”